ஏழில் நின்ற முள்

பிரஷர் கேஜின் முகத்தில் சந்தனம் அப்பியிருந்தது. அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க மறைந்துவிட்டது. மேல்பாதியில் முள் மட்டும் தெரிந்தது. ஏழில் நின்றது.

விஜயதசமி காலை அது. ராமேஸ்வரத்தில் ரத வீதிக்குக் கொஞ்சம் தள்ளி, நான்கு மாடி யாத்ரீகர் விடுதி ஒன்றின் பின்புறத்துப் பம்பு அறையில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் ஆயுத பூஜை. மோட்டார், சுவிட்ச் பேனல், ஸ்பானர் பெட்டி என்று எதையும் விடாமல் பொட்டு வைத்துச் செவ்வந்தி மாலை சாத்தியிருந்தார்கள். தரையில் சிந்திய பொரியை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. சாம்பிராணி வாசமும் டீசல் வாசமும் கலந்து அறைக்குள் மூச்சு முட்டியது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் என் கல்யாணக் கதையைப் பாதியில் விட்டேன். மாமனார் இன்னும் பந்தல் வாசலில்தான் நிற்கிறார். நிற்கட்டும். இந்த வாரம் ஆயுத பூஜை வந்ததும் எனக்கு அந்த முள்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதை எழுதி முடிக்காமல் மாமனாரைப் பந்தலுக்குள் கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

அந்த முள்ளில் ஏதோ சரியில்லை என்று வந்தவுடனே பட்டது. நகத்தால் கண்ணாடியைத் தட்டினேன். முள் அசையவில்லை. மறுபடி தட்டினேன். அப்படியே நின்றது.

உயிருள்ள குழாயின் முள் சும்மா நிற்காது. மெல்ல இறங்கும், சின்ன ஜாக்கி பம்பு ஓடி மேலே ஏற்றும், மறுபடி இறங்கும். தட்டினால் ஒரு மயிரிழையாவது நடுங்கும். எல்லாரும் முள் இறங்கினால்தான் பயப்படுவார்கள். எனக்கு அது நின்றுபோனாலும் பயம்தான். பிறவியிலேயே சந்தேகப் பிராணி நான். வீட்டில் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

எந்த ஏழு கிலோ?

என் தொழிலைப் பற்றி இந்தத் தொடரில் இன்னும் ஒழுங்காகச் சொல்லவில்லை. கட்டடங்களில் சிவப்பு வண்ணம் அடித்த பெரிய குழாய் மாடிக்கு மாடி ஏறிப் போகுமே, பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தளத்திலும் அதில் ஒரு வால்வு, பக்கத்தில் கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டி, அதற்குள் சுருட்டி வைத்த ஹோஸ். தீப்பிடித்தால் அணைப்பதற்கு. அந்தக் குழாய்க்குள் தண்ணீர் எந்நேரமும் முறுக்கேறி நிற்கவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ராமநாதபுரத்தில் தொடங்கிப் பாம்பன் தாண்டித் தீவு வரைக்கும், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று ஊர் ஊராக பைக்கில் சுற்றினேன்.

ஏழு கிலோ அழுத்தம் என்று சொன்னால் நம் ஆட்கள் எடையைத்தான் நினைப்பார்கள். அக்காள்மடத்தில் ஒரு லாட்ஜ் முதலாளி, "ஏழு கிலோங்கிறீகளே தம்பி, எந்தத் தராசுல வச்சுப் பாத்தீக?" என்று நிஜமாகவே கேட்டார். சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஏழு கிலோவை வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும், அந்த வேகத்தோடு தண்ணீர் குழாயின் சுவரைத் தள்ளுகிறது என்று விளக்கினேன். நகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, டீ சொல்லியனுப்பினார்.

மேலே ஏற ஏறத் தண்ணீர் தன் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். கீழே ஏழு இருந்தால்தான் மேல்மாடியில் ஒரு அறையின் குறுக்கே பாயும் அளவுக்கு மிஞ்சும். குறைந்தால் தண்ணீர் ஹோஸ் வாயிலேயே ஒழுகும். கூடினாலும் வம்பு. ஹோஸ் கிழியும், அல்லது பிடித்திருக்கும் ஆளைத் தூக்கி அடிக்கும். கூடும் அழுத்தத்தை வெளியேற்றத் தானாகத் திறக்கிற ஒரு வால்வு உண்டு. இந்தக் கடற்கரையில் அதற்கு ஆயுசு கம்மி. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. வாலிநோக்கத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் நான் திறக்கப்போன வால்வு, சக்கரத்தோடு கையில் வந்துவிட்டது.

திருப்புல்லாணிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் சிவப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஹோஸ் இல்லை. பந்திக்கு வாங்கிய வாழை இலைக்கட்டு இருந்தது. "நெழலா இருக்கும்ணே, வாடாது" என்றான் சமையல்காரன். கத்திவிட்டு வந்தேன். கத்துவது என் சுபாவம், அதனால் யாரும் திருந்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பூஜைக்கு வைத்த கருவி

விடுதி மேனேஜர் சேதுராமன் அண்ணன் நல்ல நாள் பார்க்கிறவர். வருடப் பராமரிப்பை விஜயதசமியில் தொடங்கினால்தான் விளங்கும் என்று லீவு நாளில் என்னை வரச்சொன்னதே அவர்தான். பம்பு ஆபரேட்டர் காளிமுத்து முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். பக்திமான். பம்பை அவன் மாட்டைப் பார்த்துக்கொள்வதுபோலத் துடைத்து வைப்பான்.

"ஏலே காளி, இந்த முள்ளு ஏன் ஆட மாட்டேங்குது?" என்றேன்.

அவன் பெருமையாகச் சிரித்தான். "அது நாந்தேன்ணே. பூசைக்கு மிசினை எல்லாம் ஆப் பண்ணணும்ல? ஆப் பண்ணா முள்ளு எறங்கிப் போயிரும். சாமி கும்புடுற அன்னைக்கு முள்ளு சைபர்ல கெடந்தா நல்லாவா இருக்கும்? அதேன் ஏழுல நிக்கையிலயே கேஜுக்குக் கீழ இருக்க சின்ன வால்வை மூடிட்டேன். பொறவுதேன் ஆப் பண்ணேன்."

சின்ன வால்வை மூடினால் கேஜுக்குள் இருந்த அழுத்தம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். முள் ஏழையே காட்டும். அதற்கும் குழாய்க்குள் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நேற்றிலிருந்து பம்பு ஓடவில்லை. அங்கங்கே கசிகிற பழைய குழாய் ஒரு ராத்திரியில் காலியாகிவிடும்.

"பேனலைப் போடுலே மொதல்ல."

சேதுராமன் அண்ணன் குறுக்கே வந்தார். "பொறுங்க தம்பி. மறுபூசை பண்ணிட்டுத்தேன் தொடணும். அய்யர் இப்ப வந்துருவாரு. பூசைக்கு வச்ச கருவியை அதுக்கு முன்னால எடுக்கக்கூடாதுன்னு நாந்தேன் சொல்லி வச்சிருக்கேன்."

பூஜை அன்று என் வீட்டிலும் நான் ஸ்பானரைத் தொடுவதில்லை. அந்த வழக்கத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நெருப்புக்கு மறுபூஜை எத்தனை மணிக்கு என்று யார் சொல்லிவைப்பது? அதைத்தான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாடிப்படியிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"நாலாவது மாடியில பொகை! மெத்தை ரூமு பத்திக்கிருச்சு!"

முள் இல்லாமல்

மெத்தை அறை என்பது நான்காவது மாடியில் படிக்கட்டை ஒட்டியிருந்த அறை. பழைய பஞ்சு மெத்தைகளும் ரப்பர் மெத்தைகளும் போர்வைகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். சுவரில் உப்புப் பூத்த ஒரு சுவிட்ச் போர்டு. அதிலிருந்துதான் பற்றியது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த மாடியில் மற்றவர்கள் எல்லாம் தீர்த்தமாடப் போயிருந்தார்கள். தாழ்வாரத்தின் கடைசி அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். கமுதிப் பக்கத்து விவசாயி ஒருவர், அவர் மனைவி. அவருக்குக் காலில் மாவுக்கட்டு. லிப்டில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இப்போது லிப்டில் ஏறமுடியாது. படிக்கட்டுக்கு வரவேண்டும் என்றால் எரிகிற அறையின் வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும்.

சேதுராமன் அண்ணன் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்துகொண்டே கீழ்மாடி ஆட்களை வெளியேற்ற ஓடினார். காளிமுத்துவை மாடி மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேலே போகச்சொன்னேன். பம்புக்குத் தனி இணைப்பு, அதில் மின்சாரம் இருந்தது.

முதலில் கேஜின் சின்ன வால்வைத் திறக்கப் போனேன். காளிமுத்து இறுக்கி மூடியிருந்தான். பலங்கொண்ட மட்டும் திருகினேன். களிம்பேறிய பித்தளைக் கைப்பிடி முறிந்து என் விரலில் நின்றது. முள் ஏழிலேயே சந்தனத்தோடு இருந்தது. இன்னொரு கேஜ் இருந்த இடத்தில் அடைப்பான் போட்டிருந்தார்கள். அழுத்தத்தை அளக்க எனக்கு ஒன்றுமே இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம்தான். வீரம் ஒன்றும் வரவில்லை. தானாகத் திறக்கிற வால்வு இறுகிக்கிடப்பது எனக்குத் தெரியும். மாற்றச் சொல்லிப் பல தடவை சொல்லியாயிற்று. மேலே திறந்திருக்கப்போவது ஒரே ஒரு ஹோஸ். பம்பைப் போட்டால் அதன் பலம் முழுவதும் அந்த ஒரு வாயில் போய் நிற்கும்.

டெஸ்ட் லைன் என்று ஒரு குழாய் உண்டு. அதைத் திறந்தால் பம்பு இறைக்கிற தண்ணீர் மாடிக்குப் போகாமல் தொட்டிக்கே திரும்பிவிடும். அதன் சக்கரத்தை மூட மூட மாடியில் அழுத்தம் ஏறும். அதை முழுக்கத் திறந்துவைத்தேன். பேனலில் தொங்கிய மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும் சத்தம் அறையை அதிரவைத்தது.

இனிக் கூட்டவேண்டும். எவ்வளவு? அதைச் சொல்ல மேலே ஒரு ஆள் வேண்டும்.

காணும், காணாது

தவமணி அக்கா அந்த விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். மண்டபம் முகாமிலிருந்து பஸ்ஸில் வருவார். சிறுபிள்ளையாக இலங்கையிலிருந்து படகில் வந்திறங்கியவர், பேச்சு மட்டும் அந்தக் கரையை விட்டு வரவில்லை. ரொம்ப என்பதற்கு இன்னும் 'சரியா' என்றுதான் சொல்வார். நான் நடத்துகிற தீயணைப்புப் பயிற்சிக்கு மற்றவர்கள் போட்டோ எடுக்க வருவார்கள். அவர் ஒருவர்தான் ஹோஸை மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்ப்பார். சந்தேகம் கேட்க என் நம்பரை வாங்கி, தன்னுடையதையும் கொடுத்து வைத்திருந்தார்.

கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"அக்கா, எங்கன இருக்கீக?"

"நாலாம் மாடிப் படியில. ஹோஸை மாட்டி வால்வும் துறந்துட்டன் தம்பி. காத்துத்தான் வருது. தண்ணி இல்லை!"

"வரும்க்கா. பிடியை விட்றாதீக. போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டைப் பையில வைங்க. அந்த ரெண்டு பேரும்?"

"உள்ளுக்கதான் இருக்கினம். கதவைச் சாத்திக் கீழ்ச்சந்துக்கு ஈரத்துணி வையுங்கோ எண்டு கத்திச் சொல்லிட்டன். அந்த அம்மா அழுகிற சத்தம் கேக்குது."

சக்கரத்தை மூடத் தொடங்கினேன். தொட்டிக்குள் விழும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. போனில் புஸ்ஸென்று காற்று சீறுவது மட்டும் கேட்டது. வெறுமையாய்க் கிடந்த குழாய் நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்புகிற வரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

"வந்துட்டுது! செம்மண் மாதிரித் தண்ணி வருது!"

"போதுமா?"

"காணாது. கதவடிக்கும் போகேல்ல."

அவர்கள் பேச்சில் போதாததற்குக் காணாது, போதுமென்றால் காணும். அந்த இரண்டு சொல்தான் அன்றைக்கு எனக்கிருந்த அளவு. இன்னும் அரைச் சுற்று மூடினேன்.

"காளிமுத்து வந்துட்டானா?"

"ஓம், வந்து பின்னுக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

கொஞ்சம் நிம்மதி வந்தது. ஹோஸை ஒருவர் பிடிக்கவே கூடாது. முன்னால் ஒருவர், பின்னால் அவரைத் தாங்க ஒருவர் வேண்டும்.

"இப்பக் காணுமா அக்கா?"

"காணாது. இன்னும் கூட்டுங்கோ."

கால் சுற்று. மோட்டாரின் சத்தம் தடித்தது.

"இப்ப?"

"காணும்! வாசல்ல அடங்குது. காணும், காணும்!"

சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் தண்ணீர் சுவரில் அறைகிற சத்தம். இருமல். யாரோ எதையோ சொன்னார்கள், விளங்கவில்லை. பிறகு ஏதோ பெரிதாகச் சரிந்து விழுந்தது.

"கூட்டுங்கோ தம்பி!"

"இப்பத்தான காணும்னீக?"

"இப்பக் காணாது. கூட்டுங்கோ கெதியா!"

மோட்டார் சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஏற்கெனவே அதிகம். பயிற்சியில்கூட அந்த அளவுக்கு நான் கொடுத்ததில்லை. ஹோஸ் தாங்குமா என்று யோசித்தேன். தாங்கும் என்று தோன்றியது. மெல்ல இன்னும் கால் சுற்று மூடினேன். போனில் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, விக்கல்போல.

"அக்கா, தண்ணி காணுமா?"

பதில் இல்லை.

"அக்கா! காணுமா, காணாதா?"

"காணும்." குரல் மட்டும் மெலிந்திருந்தது. "காணும் தம்பி. இதிலயே விடுங்கோ. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

சக்கரத்தில் ஒட்டியவன்போல நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. இருமல், தண்ணீர், இருமல். பிறகு ஒரு பெண்ணின் அழுகை மிக அருகில் கேட்டது. போன் இருந்த பைக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதன்பின் காளிமுத்துவின் குரல்: "அண்ணே, கொண்டாந்துட்டேன்ணே! ரெண்டு பேரையும் கொண்டாந்துட்டேன்!"

நான் சக்கரத்தின்மேல் தலையை வைத்து அழுதேன். வெட்கமில்லை, எழுதுகிறேன்.

மாடியில்

தீயணைப்பு வண்டி விஜயதசமிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் வேலையைக் கையிலெடுத்ததும் நான் மேலே ஓடினேன்.

தவமணி அக்கா மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி. வலது கை மடியில் கிடந்தது, அது அவருடைய கை இல்லைபோல. நான் அக்கா என்றதும் சிரித்தார். எழுந்திருக்க முயன்று முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

காளிமுத்து சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரிந்தது. வாசலில் தீ அடங்கியதும் அவன் ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறான். போகச் சொன்னதே அக்காதான். அவன் உள்ளே இருக்கும்போது மெத்தை அடுக்கு சரிந்து, நெருப்பு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. மாவுக்கட்டோடு ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அதைத் தாண்டி வரவேண்டும். அதற்குத்தான் கூட்டச் சொல்லியிருக்கிறார். பின்னால் பிடிக்க ஆள் இல்லாமல், படிக்கட்டுக் கைப்பிடியில் முதுகைக் கொடுத்து, ஹோஸைத் தோளோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். நான் கடைசியாக மூடிய கால் சுற்றில் அது அவரைக் கைப்பிடியோடு சேர்த்து அடித்தது. அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் காணும் என்று சொன்னார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. தோள் மூட்டும் விலகியிருந்தது. அந்தத் தோளோடு அவர் ஹோஸைத் திருப்பாமல் அவர்கள் வெளியே வரும்வரை நின்றிருக்கிறார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கமுதிக்காரர் புகையால் இருமிக்கொண்டு கீழ்த்தளத்தில் படுத்திருந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆத்தா எங்கன இருக்கு? நான் பாக்கணும்" என்றார். அவரை அழைத்துக்கொண்டு மேலே போனேன். அவர் தவமணி அக்காவின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். காலையிலிருந்து அடக்கிவைத்தது எனக்குக் கோபமாக வந்தது. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏங்க்கா, பிடிக்க ஆளில்லை, தாங்க முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் கேட்டுக்கிட்டேதான இருந்தேன்? இன்னும் கால் சுத்து கூட்டியிருந்தா உங்க உசுரு போயிருக்கும். எல்லாம் காணும், காணும்னு ஏன் பொய் சொன்னீக?"

"பொய் சொல்லேல்ல தம்பி," என்றார். கோபமே இல்லாத குரல். "தண்ணி காணுமோ எண்டுதானே கேட்டனீங்கள். தண்ணி காணுமாய்த்தான் இருந்தது. என்னைப் பற்றிக் கேக்கேல்லையே."

பக்கத்துக் கட்டிலில் யாரோ பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினார்கள். அக்கா சொன்னது குத்தல் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான்.

ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்கக்கா. தோளு எப்படி இருக்கு?"

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"நோகுது தம்பி," என்றார். "சரியா நோகுது."